சப்ரகமுவத் தோட்டங்களுக்கு ஒரு பொது விஞ்ஞானப் பாடசாலை

இலங்கையில் க.பொ.த. உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளை நடத்தும் பாடசாலையை 1ஏபி என்பார்கள். கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது 1சி. இரண்டாம் வகை பதினோராம் தரத்தோடு நின்றுவிடும். மூன்றாம் வகை ஆரம்பப் பாடசாலை. சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டப் பிள்ளைகள் படிக்கும் தமிழ்மொழிப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றில் விஞ்ஞானப் பிரிவு இல்லை. சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாகச் சித்தியடைந்த பிள்ளை அடுத்து எங்கே போவது?

நுவரெலியாவில் தோட்டங்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. சப்ரகமுவவில் அப்படியில்லை. கேகாலை மாவட்டத்தின் யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர், தேயிலைத் தோட்டங்களும், பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிக்க விரும்புவோர் ஒரு கை விரல்களுக்குள் அடங்கலாம். அந்தச் சிலருக்காக இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் நான்குக்கும் தனித்தனிப் பட்டதாரி ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் சேர்வதில்லை. பிள்ளைகள் இல்லாததால் ஆசிரியர் வருவதில்லை. எந்தத் தனிப் பாடசாலையாலும் இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது.

ஆய்வுகூடமும் அப்படித்தான். அளவியிலிருந்து துளித்துளியாக விழும் காரம், ஒரே துளியில் கரைசலை இளஞ்சிவப்பாக்கும் கணத்தில் தன் கையால் குழாய்த்திருகைப் பிடித்து நிறுத்திய மாணவிக்கு நியமிப்பு என்றால் என்னவென்று மறக்காது. கொப்பியில் படம் மட்டும் வரைந்தவளுக்கு அது மனப்பாடம். உயர்தரப் பௌதிகவியல் இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரை வினாக்கள் செய்முறைகளையே பெரிதும் தழுவியவை என்பதால் இழப்பு புள்ளியிலும் தெரியும்.

பல ஊர்களுக்குப் பொதுவாக ஒரு நல்ல பாடசாலை என்பது இலங்கைக்குப் புதிதல்ல. கல்வி அமைச்சராயிருந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1940களில் தொடங்கிய மத்திய மகா வித்தியாலயங்கள் இந்த எண்ணத்தில் பிறந்தவை. ஆய்வுகூடமும் விடுதியும் கொண்ட அவை, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வழியாக கிராமத்துப் பிள்ளைகளை எடுத்தன. அந்தக் காலத்தில் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். முப்பது ஆண்டு முன்னேற்றம் தோட்டப் பிள்ளைகளைத் தொடாமலே போயிற்று.

சப்ரகமுவ மாகாணத்தில் கல்வி வலயங்கள் ஏழு: இரத்தினபுரி, பலாங்கொடை, நிவித்திகலை, எம்பிலிப்பிட்டி, கேகாலை, மாவனெல்லை, தெஹியோவிட்ட. இவை சேர்ந்து ஒரு தமிழ்மொழி விஞ்ஞானப் பாடசாலையை நடத்தினால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு முழு வகுப்பு கிடைக்கும், ஆசிரியரை நியமிக்க நியாயமும் கிடைக்கும். ஆனால் தெரணியகலையிலிருந்து பலாங்கொடைக்குப் போக, மலையை விட்டிறங்கி இரத்தினபுரியையும் தாண்ட வேண்டும். தினமும் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரமல்ல. ஆகவே விடுதிதான் முதல் தேவை. பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான விடுதி இல்லையென்றால் பெற்றோர் அனுப்பமாட்டார்கள், அதில் அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. கேகாலைப் பக்கத்திலிருந்து கினிகத்தேனை வழியாக ஹட்டன் போய்ப் படிப்பவர்களும், வாடகை அறையும் உறவினர் வீடுமாகத்தான் சமாளிக்கிறார்கள்.

பல்கலைக்கழக அனுமதியிலும் இரு மாவட்டங்களின் நிலை வேறு. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் இரத்தினபுரி இருக்கிறது, கேகாலை இல்லை. மாவட்ட ஒதுக்கீடும் கொழும்பு வீதியோரத்து நகரப் பாடசாலையையும் மலைமேல் லயத்துப் பிள்ளையையும் ஒரே வரிசையில்தான் நிறுத்துகிறது. யட்டியாந்தோட்டைத் தோட்டத்துப் பிள்ளைக்குத் தனிச் சலுகை ஏதும் இல்லை. நல்ல ஆசிரியரும் ஆய்வுகூடமும் மட்டுமே அந்த இடைவெளியைக் குறைக்கக்கூடியவை.