மிச்ச மாத்திரை

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். நான் செய்த ஒரு தவறைச் சொல்லத்தான் எழுந்தேன்.

2020-இல் கொரோனா பயத்தில், டாக்டர் சீட்டு இல்லாமலே ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இரண்டு அட்டை வாங்கி வைத்தேன். முடக்குவாதத்துக்காக அதே மாத்திரையை வருடக்கணக்காகச் சாப்பிடும் என் அக்கா, அந்த வாரம் மூன்று கடை ஏறி இறங்கியும் கிடைக்காமல் திரும்பினார். என் இரண்டு அட்டையையும் அவரிடம் கொடுத்தபோது வெட்கமாக இருந்தது. அந்த ஜூன் மாதமே, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அதனால் பலனில்லை என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு சொல்லிவிட்டது.

பிறகுதான் இதைப் பற்றிப் படித்தேன். ஒரு நோயின் மருந்தை இன்னொரு நோய்க்குக் கொடுப்பது தவறில்லை. அக்காவுக்குக் கொடுப்பதும் அப்படித்தான். அளவில்லாமல், ஆளாளுக்கு விழுங்குவதுதான் சிக்கல். இது மலேரியா மருந்தான குளோரோகுயினுக்கு உடன்பிறப்பு. உடலில் வாரக்கணக்கில் தங்கும். மலேரியா உள்ள ஊரில் காய்ச்சலே இல்லாமல் கிருமியைச் சுமப்பவர்களும் உண்டு. அவர்கள் உடம்பில் அரைகுறை அளவில் மருந்து இருந்தால், பலவீனமான கிருமி சாகும். தாக்குப்பிடித்த கிருமியைக் கொசு அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும்.

1950களின் இறுதியில் தாய்லாந்து–கம்போடியா எல்லையில் குளோரோகுயினுக்கு மசியாத கிருமி தென்பட்டது. அந்தக் காலகட்டத்தில் அப்பகுதியில் உப்பில் மலேரியா மருந்தைக் கலந்து மக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பிறகு அந்த எதிர்ப்பு ஆப்பிரிக்கா வரை பரவி, ஏராளமான குழந்தைகளின் உயிரைக் குடித்தது.

கொரோனா காலத்து மாத்திரையால் எதிர்ப்பு கூடிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் நாட்டில் வைவாக்ஸ் மலேரியாவுக்கு இன்றும் குளோரோகுயின்தான் முதல் மருந்து. மலிவானது, இன்னும் கேட்கிறது. அது ஊருக்கே பொதுவான சேமிப்புக் கணக்கு. ஆளாளுக்கு எடுத்தால் அவசரத்துக்கு இருப்பு இருக்காது.

ஆகவே மூன்று வேண்டுகோள். காய்ச்சல் வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. குளோரோகுயின் மூன்று நாள், பிரைமாகுயின் பதினான்கு நாள் என்று டாக்டர் எழுதினால், காய்ச்சல் விட்டாலும் கடைசி மாத்திரை வரை சாப்பிடுங்கள். மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

மொட்டை மாடித் தொட்டிகளையும் மூடி வையுங்கள்.