பனியோடு வந்த தூசி



2022 டிசம்பர் 8ஆம் திகதி ஞாபகம் இருக்கும். நக்கிள்ஸ் மலையே தெரியாமல் மூடிக் கிடந்தது. பனிக்காலம்தானே என்று நீங்கள் கொழுந்துக்குப் போனீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மறுநாள் பள்ளிக்கூடங்களை மூடச் சொல்லி அரசாங்கம் அறிவித்த பிறகுதான், அது வெறும் பனி இல்லை என்று விளங்கியது. வங்காள விரிகுடாவில் 'மாண்டஸ்' புயல் சுற்றியபோது, அந்தக் காற்று இந்தியப் பக்கத்துப் புகையையும் தூசியையும் இழுத்து வந்து நம் நாட்டின் மேல் விட்டிருந்தது.

அந்தத் தூசி சும்மா மண் தூசி இல்லை. நிலக்கரி எரிந்தால் அதிலுள்ள கந்தகம் வாயுவாகக் கிளம்பும். நெருப்புக்குச்சி உரசினால் மூக்கைக் குத்துமே, அந்த மாதிரி வாடை. இந்த வாயு ஈரத்தில் கரைந்து அமிலமாகி, பறக்கிற தூசியில் ஒட்டிக்கொள்ளும். தூசியில் சுண்ணாம்பு இருந்தால் இரண்டும் சேர்ந்து ஜிப்சம் ஆகிவிடும். கை முறிந்தால் ஆஸ்பத்திரியில் போடும் மாவுக்கட்டு இருக்கிறதே, இறுகிய பின் அதுவும் ஜிப்சம்தான். பூவின் மகரந்தத்திலும் பூஞ்சண வித்திலும்கூட கந்தகம் ஒட்டும். பூஞ்சண வித்து காற்றில் வரும் என்பது நமக்குப் புதிதா? 1946இல் இலங்கைத் தேயிலையைப் பிடித்த கொப்புள நோய் அப்படிப் பரவியதுதானே!

கந்தக உப்பு ஒட்டிய தூசி, மழைநாளில் உப்புப் போத்தல் கசிகிற மாதிரி ஈரத்தை இழுக்கும். அதனால் மூட்டம் இன்னும் தடிக்கும். 1999இல் பல நாட்டு விஞ்ஞானிகள் மாலைதீவில் இந்தக் காற்றை அளந்தபோது, நுண்தூசியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கந்தக உப்பாக இருந்தது.

இந்தியாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. லயத்துக் காம்பராவில் விறகடுப்பும் புகைகிறது. அதில் கந்தகம் கொஞ்சம்தான், ஆனால் இழுப்புக்காரப் பிள்ளைக்கு எல்லாப் புகையும் ஒன்றுதான்.

மூட்டமான நாளில் அந்தப் பிள்ளைகளை வெளியே ஓட விடாதீர்கள், அடுப்படியிலும் படுக்க வைக்காதீர்கள். முகத்தில் சேலைத் தலைப்பைக் கட்டினால் நுண்தூசி நிற்காது. மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். நடுச்சாமம் ஆனாலும் எங்கள் கதவைத் தட்டுங்கள், வாகனம் பார்த்து மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்.

பம்ப் பாவிக்கும் பிள்ளைகளின் பெயரை இந்தக் கிழமைக்குள் பிள்ளைக் காம்பராவில் கொடுத்துவிடுங்கள். அடுத்த மூட்டம் வந்தால் முதலில் எந்த வீட்டுக்குப் போவது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.