ஒரு விண்ணப்பமும் ஒரு துப்பாக்கியும்

நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு பிஸ்கட்டவேயிலிருந்து பேசுகிறேன்; குரல் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும்.

குண்டடிபட்டு வந்தவர்களின் சட்டையைக் கத்தரித்து எடுத்தவள் நான். குற்றவாளிக்குத் துப்பாக்கி எதற்கு என்றுதான் நினைத்திருந்தேன், பிரையன் ரேஞ்ச் வழக்கைப் படிக்கும்வரை.

பக்கத்துப் பென்சில்வேனியாக்காரர். மூன்று பிள்ளைகள். மணிக்கு ஒன்பது டாலர் சொச்சம் கூலி. மனைவி நிரப்பிய உணவு உதவி விண்ணப்பத்தில் இவரும் கையெழுத்துப் போட்டார். வருமானம் குறைத்துக் காட்டப்பட்டிருந்தது. 1995இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறை இல்லை. 2,458 டாலரைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். ஆனால் அந்தக் குற்றத்துக்கு ஐந்தாண்டு வரை சிறை கொடுக்கலாம். கூட்டாட்சிச் சட்டம் பார்ப்பது கொடுத்த தண்டனையை அல்ல, கொடுத்திருக்கக்கூடிய தண்டனையை. ஆகவே வாழ்நாள் தடை.

நியூ ஜெர்சிக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லும் பிலடெல்பியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இலும், மறுபடி 2024 டிசம்பரிலும், அவர்மேல் இந்தத் தடை செல்லாது என்றது. அவர் ஒருவருக்கு மட்டும். சட்டம் அப்படியே இருக்கிறது.

ஜெபக்கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஓர் அக்கா கேட்டார்: “நீ பார்த்த ரத்தமெல்லாம் மறந்துபோச்சா சிஸ்டர்?” மறக்கவில்லை. மனைவியை அடிப்பவன் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று இன்றைக்கும் சொல்வேன். ரேஷனுக்காகப் பொய் சொன்னவரை அவனோடு ஒரே வரிசையில் நிறுத்தத்தான் எனக்கு மனம் வரவில்லை.