திறந்த கல்வியும் கூடிப் பயிலுதலும்



உயர்கல்விக் கூடங்களின் வாயிலுக்கு வெளியே நெடுங்காலம் நிறுத்தப்பட்டவர்கள் நம் முன்னோர். இன்று அக்கூடங்களின் பாடம் நம் ஊர் தேடி வருகின்றது. 2003ஆம் ஆண்டில் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து, நடுவண் அரசின் பொருளுதவியுடன், என்பிடெல் என்னும் திட்டத்தைத் தொடங்கின. அப்பேராசிரியர்களின் பாடங்களை இணையத்தின் வழி எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம் உண்டு. எட்டு நிறுவனங்கள் பணியைப் பகிர்ந்துகொண்டமையால் சுமை ஒருவர்மேல் விழவில்லை. ஒருமுறை பதிவு செய்த பாடம் பல்லாண்டு பயன் தருகின்றது.

ஆயினும், கதவு திறந்திருப்பதால் மட்டும் கல்வி கைகூடிவிடாது. இத்தகைய பாடங்களில் சேர்வோர் பலர், முடிப்போர் சிலர். தனித்துப் பயில்பவர் ஐயம் எழுந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றார். கூடிப் பயின்றால் ஒருவர் ஐயத்தை மற்றொருவர் தீர்ப்பார். ஆங்கிலம் விளங்காத இடத்தைத் தமிழில் விளக்கிக்கொள்ளலாம்.

ஆகவே, நம் சங்கக் கட்டடத்தில் வாரம் இரு மாலைப்பொழுது கூடுவோம். பட்டம் பெற்றோர் முறைவைத்து வழிகாட்ட வேண்டும். தேர்வுக் கட்டணம் செலுத்த இயலாதவர்க்குச் சங்கம் துணை நிற்க வேண்டும். இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே அப்பணியைத் தொடங்குவோமாக.