பதினைந்து வயதில் ஒரு கதவு

(கல்விக் கழக வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் வாழ்த்துரை வழங்கி அமர்வது மரபு. ஆயினும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசையில் அமர்ந்திருக்கக் காண்கிறேன். தேர்வு முடிவு வந்ததும் பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவில் சேர்வது என்னும் கேள்வி அவர்கள்முன் நிற்கும். அது குறித்தே பேச விழைகிறேன்.

1894ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் சென்னையில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1916ஆம் ஆண்டில் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார். நம் பிள்ளை பள்ளிக்குள் நுழைய இயலுமா என்பதே அந்நாளையக் கேள்வி. இன்று பள்ளியின் வாயில் திறந்திருக்கிறது. ஆனால் உள்ளே இன்னொரு கதவு இருக்கிறது. அது பதினைந்தாம் வயதில் வருகிறது.

அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். பிறப்பைக் காட்டி அவருக்கு அது மறுக்கப்பட்டது. பாரசீக மொழியை எடுக்க நேர்ந்தது. 1907ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேறிய அவர், பிற்காலத்தில் சமஸ்கிருதத்தைத் தம் முயற்சியாலேயே கற்றார். இன்று அவ்வாறு எவரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. "உனக்கு இது கடினம், தேறினால் போதாதா?" என்று பரிவோடு சொல்கிறார்கள். பரிவோடு மூடினாலும் கதவு மூடியதுதானே!

என் கதையையும் சொல்கிறேன். 1984ஆம் ஆண்டில் நான் பத்தாம் வகுப்புத் தேறினேன். கணிதத்தில் எண்பத்திரண்டு மதிப்பெண். சேர்க்கைக்குச் சென்ற பள்ளியில் எங்களை ஒன்றும் கேளாமலே தொழிற்பிரிவு என்று படிவத்தில் எழுதினார்கள். கூலி வேலையை விட்டுவந்திருந்த என் தந்தையார், "பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று கைந்நாட்டு வைத்தார். தொழிற்கல்வி இழிவானதன்று. அதில் பயின்றுதான் நானும் ஆசிரியனானேன். ஆயினும் அதனை நான் தேர்ந்தெடுக்கவில்லை, எனக்கு ஒதுக்கினார்கள். கணிதப் பிரிவு என்று ஒன்று உண்டு என்பதையே மறு ஆண்டில்தான் அறிந்தேன். கேட்கத் தெரியாமல் நின்றோமே என்னும் வருத்தம் இன்றும் நெஞ்சில் உண்டு.

தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978ஆம் ஆண்டில் தொடங்கியது. இன்று அதில் இரு மொழிப்பாடங்களும் நான்கு முதன்மைப் பாடங்களும் உள்ளன. பொறியியல் சேர்க்கைக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கணக்கிடுகிறார்கள். மருத்துவத்திற்கான நீட் தேர்வு இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றில் நடக்கிறது. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் எப்பிரிவினரும் சேரலாம். இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். கணிதமும் அறிவியலும் பயின்றவர் பின்னர் வரலாற்றுக்கோ சட்டத்திற்கோ செல்லலாம். அவற்றை விட்டவர் திரும்பி வருவது மிக அரிது.

அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020ஆம் ஆண்டிலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021ஆம் ஆண்டிலும் வந்தது. பட்டியல் இனத்தார்க்குரிய 18 விழுக்காடும் உண்டு. ஆனால், உரிய பாடத்தைப் பதினோராம் வகுப்பில் எடுக்காத பிள்ளைக்கு அப்படிப்புகளில் இவ்வுரிமைகளால் என்ன பயன்? போராடிப் பெற்ற இடம் காலியாகக் கிடப்பதைக் காட்டிலும் துயரம் வேறில்லை.

எல்லாரும் கணிதமே படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொருளியலையும் சட்டத்தையும் பயின்றவரே நம் அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவர். வரலாற்றில் நாட்டமுள்ள பிள்ளை மனமுவந்து வரலாறு படிக்கட்டும். கைத்தொழிலில் ஆர்வமுள்ளவர் பாலிடெக்னிக் செல்லட்டும். பட்டயம் பெற்றபின் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் சேரவும் வழியுண்டு. விரும்பி எடுப்பது வேறு, அஞ்சி ஒதுங்குவது வேறு.

பெற்றோர்களே, படிவத்தில் ஒப்பமிடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இப்பள்ளியில் எத்தனை பிரிவுகள் உள்ளன? என் பிள்ளை பெற்ற மதிப்பெண்ணுக்கு எவையெவை கிடைக்கும்? இந்தப் பிரிவை எடுத்தால் பிற்காலத்தில் எந்தப் படிப்புகளுக்குச் செல்ல இயலாது? விரும்பிய பிரிவு அங்கில்லையெனில் அடுத்த ஊர்ப் பள்ளியில் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று.

கழகத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். கணிதத்தின்மீதுள்ள அச்சம் பதினோராம் வகுப்பில் தோன்றுவதன்று. எட்டாம் வகுப்பிலேயே வேர்விடுகிறது. ஆகவே எட்டாம் வகுப்பிலிருந்தே கணிதத்திற்கும் ஆங்கிலத்திற்கும் மாலை வகுப்பு நடத்துங்கள். சேர்க்கை நாட்களில், படிப்பறியாத பெற்றோருடன் கழகத்தைச் சேர்ந்த ஒருவர் பள்ளிக்குச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். அன்று என் தந்தையாரின் அருகில் அப்படி ஒருவர் நின்றிருந்தால், கைந்நாட்டு வைக்குமுன் ஒரு கேள்வியாவது எழுந்திருக்கும்.

மாணவச் செல்வங்களே, எதைப் படிப்பது என்பதை உங்கள் விருப்பமும் உழைப்பும் முடிவு செய்யட்டும். "உனக்கு இதுவே போதும்" என்று எவரேனும் சொன்னால், பணிவோடு, ஆனால் தெளிவாக, "ஏன்?" என்று கேளுங்கள்.