வாழ்க்கைத் துணைக்கு வதிவிட வீசா: சலுகையா, உரிமையா?

(கடலால் பிரிந்து வாழும் குடும்பங்களின் பொருட்டுத் திருகோணமலையில் கூட்டப்பெற்ற கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



தேர்தல் மேடைகளில் எவரும் எடுத்துப் பேசாத ஒரு பொருளைப் பற்றிப் பேசவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன். கணவன் இக்கரையில், மனைவி அக்கரையில். அல்லது மனைவி இங்கே, கணவன் அங்கே. இருவருக்கும் இடையில் கடல் மட்டும் இருந்திருந்தால் ஒரு பகற் பொழுதில் கடந்துவிடலாம். இடையில் இருப்பது ஒரு கோவை. அந்தக் கோவை எந்த மேசையில் கிடக்கின்றது, எப்பொழுது திறக்கப்படும், யார் கையெழுத்திடுவார் என்பவற்றை அறியாமலே நம் மாவட்டத்து மக்கள் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் காத்திருக்கின்றனர்.

இத்துறைமுகத்தைச் சற்று நோக்குங்கள். 1957ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை இதனை இலங்கை அரசிடம் ஒப்படைத்தது. சீனக்குடாவில் அவர்கள் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 எஞ்சியிருந்தன. 2022ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் அவற்றுக்கென ஓர் உடன்பாடு எழுதப்பட்டது: 61 தாங்கிகள் கூட்டு நிறுவனத்துக்கு, 24 இலங்கைக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய்க் கம்பனிக்கு. ஒவ்வொரு தாங்கியும் யாருடையது, எத்தனை ஆண்டுக்கு என்பது வரை எழுத்தில் தீர்ந்துவிட்டது. இரண்டு நாடுகளும் கூடி இரும்புத் தாங்கிகளின் நிலையை இவ்வளவு தெளிவாக வரையறுக்க முடிந்ததென்றால், அதே இரண்டு நாடுகளைச் சேர்ந்த ஒரு கணவனும் மனைவியும் எங்கே கூடி வாழலாம் என்பதை மட்டும் ஏன் வரையறுக்க முடியவில்லை? அவ்வுடன்பாட்டை நான் குறை கூறவில்லை. பொருளுக்குக் கிடைக்கும் தெளிவு மனிதருக்கும் கிடைக்கவேண்டும் என்கின்றேன்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பெயர் வேண்டா, இச்சபையில் உள்ளோர் பலருக்கு அது தம் வீட்டு வரலாறாகவே தோன்றும். 1990ஆம் ஆண்டுப் போரின்போது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு படகேறிய சிறுவன் இராமேசுவரம் சேர்கின்றான்; மண்டபத்திலும் பின்னர் வேறொரு முகாமிலும் வளர்கின்றான். அங்கேயே ஓர் ஊர்ப் பெண்ணை மணக்கின்றான். பிள்ளைகள் இருவர் பிறக்கின்றனர். போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தபின், தந்தையின் காணிக்குத் திரும்பவேண்டுமென்று விரும்புகின்றான்.

இப்பொழுது சட்டம் அவ்வீட்டுக்குள் புகுகின்றது. கணவன் இலங்கைப் பிரசை. நாட்டுக்குத் திரும்பும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை அவனுக்கு வழங்குகின்றது. பிள்ளைகள் வெளிநாட்டில் பிறந்தவர்கள். உரிய தூதரகத்திலோ அமைச்சிலோ பிறப்பைப் பதிந்தால்தான் வம்சாவளிப் பிரசைகள் ஆவர். அதற்குச் சட்டம் தரும் தவணை ஓராண்டு. தவறினால் அமைச்சரின் தயவை நாடவேண்டும். மனைவியோ இந்தியப் பிரசை. அவள் வதிவிட வீசா பெறவேண்டும். ஒரே பாயில் உறங்கிய நால்வர் சட்டத்தின் கண்ணில் மூன்று வகுப்பினர் ஆகிவிட்டனர்! கணவன் முன்னதாக வந்து கூரை வேய்கின்றான், துறைமுகத்தில் கூலி வேலை தேடுகின்றான். மனைவி பிள்ளைகளுடன் அங்கே காத்திருக்கின்றாள்.

திரும்பி வருவதற்கு உரிமை படைத்த அவனுக்கும் அச்சம் இல்லாமல் இல்லை. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில், ஐ.நா. அகதிகள் அலுவலகத்தின் துணையுடன் தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர், முன்னாளில் உரிய ஆவணமின்றி நாட்டை விட்டுச் சென்றார் என்பதற்காகப் பலாலியில் கைது செய்யப்பட்டார். குண்டுக்குத் தப்பி ஓடியவன் கடவுச்சீட்டில் முத்திரை வாங்கிக்கொண்டா ஓடுவான்? கண்டனம் எழுந்தபின் நடைமுறையைத் திருத்துவோம் என அரசு கூறியது.

இக்கோணலின் வேர் எங்கே உள்ளது? 1948ஆம் ஆண்டிலேயே உள்ளது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டமும் இரட்டைக் கதவுகள் போல அமைந்தன. முன்னது, யார் நம்மவர் என்று கேட்டது. பின்னது, நம்மவரல்லாதார் எவ்வளவு காலம் நிற்கலாம் என்று கேட்டது. 1949ஆம் ஆண்டில் இந்திய பாகிஸ்தானிய வதிவாளருக்கென வந்த சட்டமோ, மணமான ஒருவன் பிரசாவுரிமை கோரினால் அவன் மனைவியும் பராயமடையாப் பிள்ளைகளும் இத்தீவில் தொடர்ந்து வதிந்தனரா என்று ஆராய்ந்தது. மனைவியை ஊரில் விட்டுவிட்டு இங்கே உழைத்தவனுடைய நாட்டுப்பற்றே ஐயத்துக்கு இடமாயிற்று. குடும்பத்தைச் சேரவிடாத நாடு, குடும்பம் சேர்ந்திருக்கவில்லை என்று குற்றம் சாட்டிய விந்தையை என்னென்பது! 1956ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் இதே திருகோணமலையில் கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு முன்வைத்த கோரிக்கைகளுள் பிரசாவுரிமைச் சட்டங்களை நீக்கவேண்டும் என்பதும் ஒன்றென்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்வார்களாக.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்பாட்டில் 9,75,000 மக்கள் பங்கிடப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்றனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் சரிபாதியாகப் பிரித்தனர். எண்கள் சரியாகவே வகுபட்டன. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை மறு நாட்டுக்கும் போனதை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதவில்லை.

பெண்கள் நிலை இதனினும் கொடியதாயிருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணவாழ்வில் பிறந்த பிள்ளைக்குப் பிரசாவுரிமை தந்தை வழியாகவே வந்தது. பிறநாட்டவனை மணந்த திருகோணமலைப் பெண்ணின் பிள்ளை, திருகோணமலை ஆசுபத்திரியிற் பிறந்தாலும் அந்நியப் பிள்ளையே. ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின்னரே, 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தாய்க்கும் தந்தைக்கும் சம நிலை தந்தது. தாய்மை தாய்மைதான் என்று ஒப்புக்கொள்ளப் பாராளுமன்றத்துக்கு அவ்வளவு காலம் பிடித்தது.

இனி, இன்றைய சட்டத்துக்கு வருவோம். இலங்கைப் பிரசையின் கணவன் அல்லது மனைவி, ஏன், கைம்பெண்ணும் மனைவியை இழந்தவனுங்கூட, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஓராண்டு முழுவதும் இந்நாட்டில் வதிந்திருந்தால், பதிவுப் பிரசாவுரிமை கோரலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஓராண்டை எங்கே கழிக்கவேண்டும்? இந்நாட்டுக்குள். வீசா இன்றி வெளியே காத்திருக்கும் மாதம் ஒன்றேனும் அக்கணக்கில் சேராது. ஆகவே தாமதம் என்பது மனத்துயர் மட்டுமன்று. சட்டம் ஒரு கையால் கொடுத்த உரிமையை மறு கையால் பிடுங்குவதாகும். கோவையைத் தூங்கவிடும் உத்தியோகத்தர், மறுப்பு என்ற சொல்லை எழுதாமலே மறுத்துவிடுகின்றார். எழுதி மறுத்தால் நீதிமன்றம் செல்லலாம். எழுதாமல் மறுத்தால் எங்கே செல்வது?

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதனை மறைப்பது சட்டத்தரணிக்கு அழகன்று. வீசாவுக்காகப் பொய்த் திருமணம் செய்வோர் உலகெங்கும் உளர். நாட்டின் பாதுகாப்பையும் அரசு நோக்கவேண்டும் என்பர். உண்மை. விசாரிக்கும் அதிகாரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் விசாரணைக்கு முடிவு இருக்கவேண்டும். 2021ஆம் ஆண்டு ஒக்டோபரில் பதிவாளர் நாயகம் வெளியிட்ட சுற்றறிக்கையைப் பாருங்கள். 2022 சனவரி முதல், வெளிநாட்டவர் ஒருவர் இலங்கையரை மணப்பதற்கே பாதுகாப்பு அமைச்சின் அறிக்கை வேண்டுமென அது விதித்தது. தாலி கட்ட நாள் பார்ப்பவர் சோதிடர் என்றிருந்தோம். பாதுகாப்பு அமைச்சும் அவருடன் சேர்ந்துகொண்டது! மக்களிடை எதிர்ப்பு எழுந்தது வியப்பன்று.

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. கியூபாவிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாக் கரை ஏறத்தாழ 90 மைல். 2017ஆம் ஆண்டில் ஹவானாவிலிருந்த தூதரகப் பணியாளர்களை அமெரிக்கா பெருமளவில் திருப்பி அழைத்தது. அமெரிக்கப் பிரசையை மணந்த கியூபர், குடிவரவு வீசா நேர்காணலுக்காக முதலில் கொலம்பியாவுக்கும், 2018 யூன் முதல் தென்னமெரிக்காவின் கயானாவுக்கும் கடல் கடந்து செல்ல நேர்ந்தது. ஹவானாவில் அவ்வலுவல் முழுமையாக மீளத் தொடங்கியது 2023 சனவரியில். அரசுகளின் பிணக்குக்குக் கணவன் மனைவியர் ஐந்தாண்டு வட்டி கட்டினர். பிரித்தானியாவோ, துணையை அழைப்பவர் காட்டவேண்டிய ஆண்டு வருமானத்தை 2024 ஏப்பிரலில் 18,600 பவுணிலிருந்து 29,000 பவுணாக உயர்த்தியது. இலண்டனில் உள்ள கணவனுக்காக உட்துறைமுக வீதியில் காத்திருக்கும் நம் பெண்ணுக்கு இதன் பொருளை நான் விளக்கவேண்டியதில்லை.

நமக்கு வழிகாட்டும் தீர்ப்பு ஒன்று நம் சமுத்திரத்திலேயே பிறந்தது. மொரீசியசுத் தீவு 1977ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, அந்நாட்டு ஆண்களின் வெளிநாட்டு மனைவியர் தொல்லையின்றி வாழலாம். அந்நாட்டுப் பெண்களின் வெளிநாட்டுக் கணவர் மட்டும் வதிவிட அனுமதி கேட்டு நிற்கவேண்டும். இருபது பெண்கள் ஒன்றுகூடி ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டனர். வெளிநாட்டவரை மணந்திருந்த மூவர் திறத்தில், சமத்துவமும் குடும்பப் பாதுகாப்பும் மீறப்பட்டன எனக் குழு 1981ஆம் ஆண்டு ஏப்பிரலில் முடிவு செய்தது. 1983ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. சிறு தீவின் இருபது பெண்கள் சாதித்தது இது.

அக்குழு ஆதாரமாகக் கொண்ட குடியியல் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையை இலங்கையும் 1980ஆம் ஆண்டில் ஏற்றது. நமது அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, குடும்பம் சமுதாயத்தின் அடிப்படை அலகு என்றும் அரசு அதனைப் பேணவேண்டும் என்றும் கூறுகின்றது. ஆனால் 29ஆம் உறுப்புரை, இவை நீதிமன்றத்தில் வலியுறுத்தத்தக்கன அல்ல என்று உடனே கதவடைக்கின்றது. ஆயினும் 12ஆம் உறுப்புரையின் சமத்துவம் வலியுறுத்தத்தக்கது. ஒருவர் கோவை விரைந்து தீர, அதே தகுதியுள்ள மற்றவர் கோவை காரணமின்றிக் கிடந்தால், உயர்நீதிமன்றம் செல்லலாம். மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் மனுச்செய்ய வேண்டும் என்பதை மறவாதீர்கள். கடமையைச் செய்யாத உத்தியோகத்தரைச் செய்யுமாறு பணிக்கும் எழுத்தாணையை மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் கோரலாம்.

வழக்குக்குப் பணம் வேண்டும். ஏழைக்கு அது எங்கே என்பீர்கள். முத்திரைச் செலவோடு முடியும் கருவி ஒன்று கையில் இருக்கின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தகவல் கேட்டு எழுதினால் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஒரு தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் எழுத்தில் கேட்டால் உத்தியோகத்தர் காரணம் கூறவேண்டும் என்கின்றது. பத்தரமுல்லைக்கு 260 கிலோமீற்றர் பேருந்தில் சென்று, “பிறகு வாருங்கள்” என்ற சொல்லை வாங்கிவருவதிலும், ஒரு தபாலில் கேள்வியை அனுப்பி எழுத்தில் மறுமொழி பெறுவது மேல். வாய்ச்சொல் காற்றோடு போகும்; எழுத்து நீதிமன்றத்தில் பேசும்.

ஆகவே அரசிடம் நாம் கோருவன மூன்று. பிரசையின் வாழ்க்கைத் துணை கொடுக்கும் விண்ணப்பத்தைத் தீர்க்க ஒரு கால எல்லை சட்டத்திலேயே எழுதப்படல் வேண்டும். மறுப்பதாயின் காரணம் கூறப்பட்டு, மேன்முறையீட்டுக்கு இடமளிக்கப்படல் வேண்டும். அலுவலகத்தின் தாமதத்தால் வெளியே காத்திருந்த காலம், பிரசாவுரிமைக்குரிய ஓராண்டில் கணக்கிடப்படல் வேண்டும். இவற்றுள் எதுவும் கருவூலத்தைக் காலி செய்யாது. எவரும் கதவை அகலத் திறந்துவிடச் சொல்லவுமில்லை. தட்டியவனுக்கு மறுமொழி சொல்லுங்கள் என்றே கேட்கின்றோம்.

உங்களிடம் கோருவது ஒன்று. விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தூதரகப் பதிவு, விண்ணப்பம் கொடுத்த நாள், கிடைத்த பற்றுச்சீட்டு ஆகிய அனைத்தின் பிரதிகளையும் ஒரே உறையில் இட்டு வையுங்கள். கிராமந்தோறும் காத்திருக்கும் குடும்பங்களின் பட்டியல் ஒன்றை ஆயத்தம் செய்வோம். யார், எந்நாள் முதல் காத்திருக்கின்றார் என்பதை எழுதுவோம். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற வேறுபாடு அப்பட்டியலில் வேண்டா. பிரிவுத் துயருக்கு மொழியேது? தனித்தனியே கைகட்டி நின்ற மனுதாரர், பட்டியலாகி ஒன்றாக நிற்கும்பொழுது பொதுமக்கள் ஆவர். பொதுமக்களின் கேள்விக்கு மறுமொழி கூறாத அரசு நெடுநாள் மௌனம் சாதிக்க இயலாது.

பதிவேடு வாயிலருகே மேசையில் இருக்கின்றது. போகும்பொழுது பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.