நடத்துறது யாரு?



சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையைப் பற்றிப் பேச்சு வந்தால், எத்தனை அறை, என்ன சரக்கு என்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் வரும் கேள்வி இதுதான்: "லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு? நடத்துறது யாரு?" உரிமம் ஒருவர் பெயரில், குத்தகைக்கு எடுத்தவர் இன்னொருவர், அவரிடம் உள்குத்தகைக்கு எடுத்தவர் மூன்றாமவர். இப்படிக் கைமாறிய இடங்களில் என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்ட பாடம் அது.

இன்று நான் பேச வந்தது கார், பைக் பந்தய மைதானங்களைப் பற்றி. அவற்றுக்கும் இதே கேள்விதான் அடிப்படை.

விருதுநகரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். வாலிபத்தில் சோழவரம் பந்தயம் பார்க்க ரயிலேறிப் போனவர். "மைதானத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே வாடை வந்துருச்சு தம்பி. என்னடா, நம்ம ஊர் எண்ணெய்க் கடைக்குள்ள வந்துட்டமான்னு நெனச்சேன்" என்பார். அவர் சொன்னது உண்மை. அந்தக் காலத்துப் பந்தய எஞ்சின்களில் விளக்கெண்ணெயில் செய்த மசகு எண்ணெய் ஊற்றுவார்கள். எரிந்த விளக்கெண்ணெய்ப் புகை, மாசி வெயில், கயிற்றுக்குப் பின்னால் நெருக்கியடித்து நிற்கும் ஜனம். இதைச் சொல்லும்போது அவர் கையில் இருக்கும் ஸ்பானர் அப்படியே நின்றுவிடும்.

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையில் இருக்கிறது சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளைக்காரர்கள் அங்கே ஒரு விமானத் தளம் போட்டார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, ஓடுதளம் மட்டும் வெயிலில் கிடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தில் பந்தயம் நடத்த ஆரம்பித்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியாவின் வேகத்துக்கு அதுதான் தலைநகரம். விஜய் மல்லையா ஒரு நிஜமான ஃபார்முலா ஒன் காரையே அங்கே கொண்டுவந்து ஓட்டினார். கோயம்புத்தூர் கரிவரதன் சொந்தமாகக் கார் வடிவமைத்து ஓட்டினார்.

ஆனால் அந்த மண் கிளப்புக்குச் சொந்தமில்லை, அரசுக்குச் சொந்தம். இரவல் இடத்தில் நிரந்தரமாக எதையும் கட்ட முடியாது. பார்வையாளருக்கு மாடமோ, கார் சறுக்கினால் தாங்கிக்கொள்ளும் தடுப்போ, ஓட்டுபவனுக்கு ஒரு மருத்துவ அறையோ, எதைப் போட்டாலும் பந்தயம் முடிந்ததும் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். பம்பாயில் ஜூஹுவிலும், கல்கத்தா பக்கம் பாரக்பூரிலும் இதேபோல் விமானத் தளங்களில் பந்தயம் நடந்தது. இன்று அங்கே பந்தயச் சத்தமே கிடையாது. சென்னைக்கு அந்த கதி வரவில்லை. ஏன் என்பதுதான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது.

கிளப் உறுப்பினர்கள் சொந்தமாக நிலம் வாங்கினார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், அன்றைக்கு ஆள் அரவமில்லாத பொட்டல் வெளியில், தங்கள் முயற்சியில் ஒரு பந்தயத் தடம் போட்டார்கள். 1990இல் அது திறந்தது. முழுச்சுற்று 3.7 கிலோமீட்டர். லாபம் பார்க்க வந்த கம்பெனி அல்ல, பந்தயத்தில் பைத்தியமாக இருந்த மனிதர்கள் சேர்ந்த சங்கம்தான் அதன் உரிமையாளர்.

பிறகு அந்தப் பொட்டலின் தலையெழுத்தே மாறியது. பக்கத்திலேயே ஹூண்டாய் தொழிற்சாலை வந்தது, சிப்காட் வளர்ந்தது, நிலத்தின் விலை எங்கேயோ போனது. ரியல் எஸ்டேட் கணக்குப் பார்த்திருந்தால் அந்தத் தடம் என்றைக்கோ பிளாட் ஆகியிருக்கும். ஆகவில்லை. கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து உருவாக்கிய ஃபார்முலா மாருதி காரில் நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது அங்கேதான். 2005இல் அவர் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆனார். 2010இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய கருண் சந்தோக்கின் தாத்தா இந்து சந்தோக், இந்தக் கிளப்பை உருவாக்கியவர்களில் ஒருவர்.

இங்கிலாந்திலும் இதே கதை இரண்டு விதமாக நடந்திருக்கிறது. 1907இல் திறந்த புரூக்லேண்ட்ஸ், கார் பந்தயத்துக்கென்றே உலகில் முதன்முதலாகக் கட்டப்பட்ட தடங்களில் ஒன்று. போர் வந்தது, விமானத் தொழிற்சாலை தேவைப்பட்டது, 1946இல் இடத்தையே விமானக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது, பந்தயம் இல்லை. சில்வர்ஸ்டோனோ சோழவரம் மாதிரி போர்க்கால விமானத் தளம். பந்தய ஓட்டுநர்களின் சங்கம் 1971இல் அந்த நிலத்தை வாங்கியது. இன்றும் பிரிட்டிஷ் கிராண்ட் பிரி அங்கேதான்.

நம் நாட்டிலேயே இதற்கு நேர்மாறான ஒன்று, டெல்லிக்குப் பக்கத்தில் இருக்கிறது. புத் இன்டர்நேஷனல் சர்க்யூட். 2011இல் ஒரு பெரிய கட்டுமானக் குழுமம் கட்டியது. உலகத் தரம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2011, 2012, 2013 என்று மூன்று வருடம் ஃபார்முலா ஒன் நடந்தது, மூன்றிலும் வெட்டல் என்ற ஓட்டுநர்தான் ஜெயித்தார். இது விளையாட்டா கேளிக்கையா என்று வரித் தகராறு கிளம்பி, நான்காவது வருடம் பந்தயம் வரவில்லை. குழுமம் கடனில் மூழ்கியது. பாக்கி கட்டவில்லை என்று 2020இல் யமுனா விரைவுச்சாலை ஆணையம் நில ஒதுக்கீட்டை ரத்து செய்தது. 2023இல் மோட்டோ ஜிபி பைக் பந்தயம் ஒருமுறை வந்து போனது. மறு வருடம் குழுமம் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. பந்தயத்துக்காகப் போட்ட தார், கடைசியில் கடன்காரர்களின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாகிவிட்டது. எனக்கு அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளில் 2024 ஆகஸ்ட் கடைசியில் இரவுப் பந்தயம் நடந்ததைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் மறுநாளே அது மறுபடியும் பஸ் போகிற சாலை. ஒரு பையன் அங்கே தினமும் போய்ப் பழக முடியாது.

பையன் என்றதும் நம் பக்கம் ஞாபகம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவே நான்குவழிச் சாலையில் நின்று பாருங்கள். சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறக்கிற பிள்ளைகளைப் பார்ப்பீர்கள். திட்டுகிறோம், போலீஸ் பிடிக்கிறது, சில வீடுகளில் படத்துக்கு மாலையும் விழுந்துவிட்டது. அவர்களுக்கு வேறு இடம் எங்கே இருக்கிறது? மாட்டுவண்டிப் பந்தயத்துக்குக்கூட நம் ஊர்களில் பொதுச் சாலைதான். ஆனால் அதற்கு ஊர் கூடுகிறது, பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு உண்டு, அனுமதி உண்டு. பைக்குக்கு அது எதுவுமே இல்லை.

போன வருடம் அண்ணாச்சி தன் கடைப் பையன்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு தேசிய சாம்பியன்ஷிப் பார்க்க இருங்காட்டுக்கோட்டைக்குப் போனார். விருதுநகரில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் பிடித்து, விடியும்போது தாம்பரத்தில் இறங்கி, அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் பஸ். இப்போது அந்த விளக்கெண்ணெய் வாடை இல்லையாம், அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். பையன்கள் இருவரும் ஒரே திருப்பத்தைப் பார்த்தபடி சாயந்திரம் வரை நகரவில்லையாம். பந்தயம் முடிந்து ஜனம் கலைந்த பிறகு, தடத்தின் ஓரத்தில் டயரிலிருந்து உதிர்ந்து கிடந்த ரப்பர்த் துணுக்குகளைச் சின்னவன் பொறுக்கி, ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். கடையில் ஸ்பார்க் பிளக் அடுக்கியிருக்கிற பலகையில் அந்தத் தீப்பெட்டி இருக்கிறது. யாரையும் தொட விடுவதில்லை.